கேள்விக்குறிக்கு அப்புறம் ஒரு நம்பர்

பெண்கள் சிறை
14.7.2025

எழிலு,

உங்க அண்ணிதான் எழுதறேன். கையெழுத்து கோணலா கீதுன்னு நினைக்காதே. இங்க மேசை இல்ல, தொடை மேல நோட்ட வச்சுகினு எழுதறேன். கடையில எத்தினி பேருக்கு மனு எழுதிக் குடுத்துக்கீறேன், "ஐயா, வணக்கம்"னு ஆரம்பிச்சா கை தானா ஓடும். உனக்குன்னு ஒக்காந்தா ஓடமாட்டேங்குது.

உள்ள வந்து பதினோரு நாளாவுது. உங்க அண்ணன் ரெண்டு வாட்டி மனு போட்டு வந்து பாத்தாரு. கொயந்த கவி சாப்ட்டாளா, ஸ்கூலுக்குப் போனாளான்னு கேட்டா எல்லாத்துக்கும் "ஆங்"னு ஒரே வார்த்தை. அந்த மனுசன் அங்கயே அழுதுடுவாரோன்னு பயந்து, "கெளம்பு, ஷிப்டுக்கு நேரமாவுது"ன்னு நானே அனுப்பிட்டேன். நீ ஒரு வாட்டியும் வரல.

வக்கீல் முகமது இஸ்மாயில் வந்தாரு. அவராண்ட மொதல்லேர்ந்து சொன்னேன். பட்டாபிராம் பொண்ணு திவ்யா, நர்சிங் காலேஜுக்கு அப்ளிகேசன் போட நம்ம கடைக்கு வந்தா. எல்லாம் போட்டு முடிச்சு பிரிண்ட் எடுக்கிற பக்கத்துக்குப் போனப்போ கரண்ட் போயிடுச்சு. மேல அட்ரஸ்ல கேள்விக்குறிக்கு அப்புறம் 4417னு ஒரு நம்பர் இருந்துச்சு, அதுதான் அவ அப்ளிகேசன் நம்பர். கரண்ட் வந்தப்பால நானே அந்த அட்ரஸ கையால அடிச்சேன். 4471னு மாத்தி அடிச்சுட்டேன். வேற ஏதோ ஊர்ப் பொண்ணோட போட்டோ, ஆதார், ஊட்டு அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் வந்து நின்னுச்சு. பாஸ்வேர்டு ஒண்ணியும் கேக்கல. அந்த சைட்ட எங்க நாத்தனார் வேலை செய்ற கம்பெனிதான் பண்ணுச்சு, அவகிட்ட அன்னிக்கே சொல்டேன்னு வக்கீலுக்குச் சொன்னேன்.

அதுக்கு அவரு கேக்கறாரு: "ஒண்ணு தப்பா வந்தது சரிம்மா. எண்பத்தேழு பேரோட பக்கத்த எதுக்குத் தெறந்தீங்க?"

எழிலு, ஜூன் எட்டாந்தேதி ஞாயித்துக்கிழமை நீ போன்ல இன்னா சொன்னேன்னு உனக்கே தெரியும். இங்க லெட்டரப் பிரிச்சுப் படிப்பாங்க, அதால நான் எழுதல. வக்கீல் ஆபீஸு பூந்தமல்லி கோர்ட்டாண்ட கீது. நீ போய் அவராண்ட சொல்லு. சொன்னா பெயிலு சீக்கிரம் வரும்னு எனக்குத் தோணுது.

கவிக்கு இருமல் இருந்துச்சு. மருந்து பிரிட்ஜ் கதவுல கீது.

பானு

✦

அம்பத்தூர்
22.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மா வாங்கிப் பிரித்துப் படித்துவிட்டாள். அதனால் இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதாதீர்கள். கூட வேலை செய்கிற ஜெபா இங்கே ஆபீஸ் பக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், அந்த முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் வராததற்குக் காரணம் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்காததால் எதை எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

கவிக்கு இருமல் சரியாகிவிட்டது. நீங்கள் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். நம்பின மாதிரி தெரியவில்லை. கடையைப் போலீஸ்காரர்கள் பூட்டி சீல் வைத்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர், உங்கள் போன், நீங்கள் நம்பர் எழுதி வைத்திருந்த நோட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

வேலை விஷயம் எதுவும் கடிதத்தில் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்று மட்டும். அந்தப் பக்கத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது லாகின் இல்லாமல் திறக்காது. ஜூலை நான்காம் தேதி, உங்களைக் கூட்டிப்போன மறுநாள், ஒரு மணி நேர வேலையாக முடித்துவிட்டார்கள்.

இந்த வாரத்துக்குள் வக்கீலைப் பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழில்

✦

பெண்கள் சிறை
29.7.2025

எழிலு,

வக்கீலு நேத்து வந்தாரு. உன்னைப் பாத்தீங்களான்னு கேட்டேன். இல்லன்னாரு.

பெயில தள்ளிட்டாங்க. ஏன்னா நான் போன் பண்ணேன் இல்ல, அதான். "பொண்ணுங்க நம்பர எடுத்துகினு போன் பண்ணி மெரட்டினா"ன்னு எழுதிக்கீறாங்க. மெரட்டினேனாம். நீயும் அப்பிடித்தான் நினைக்கிறியோ இன்னாவோ, நடந்தத எழுதறேன், கேட்டுக்கோ.

உன்கிட்ட சொல்லி ரெண்டு வாரம் ஆச்சு. நீ மேனேஜராண்ட சொல்டேன், அட்மிசன் முடிஞ்சாதான் கை வைப்போம்னு சொல்றாருன்னு சொன்னே. சரின்னு வுட்டுட்டேன். ஜூன் இருவதாந்தேதி திவ்யா அழுதுகினு கடைக்கு வந்தா. எவனோ போன் பண்ணி, "உனக்கு சீட்டு ரெடி, இன்னிக்குள்ள பணம் கட்டினா கன்பார்ம்"னு சொல்லிக்கீறான். அவ மார்க்கு, அம்மா பேரு, அப்பா செத்துப்போன வருசம் மொதக்கொண்டு கரெக்டா சொன்னானாம். அவங்கம்மா கம்மல அடகு வச்சு கட்டிட்டாங்க. அந்தப் பொண்ணு என்னைத்தான் பாத்தா. "அக்கா, நீங்கதான போட்டுக் குடுத்தீங்க, வேற யாருக்குத் தெரியும்"னு கேட்டா.

எனக்குத் தெரிஞ்சுது, வேற எவனோ அதே வழியாத்தான் பூந்துக்கீறான்னு. என்னாண்ட நோட்டுல நம்பருங்க கீது. சும்மா வச்சுகினு இருக்க முடியுமா? பன்னெண்டு பேருக்குப் போன் போட்டேன். "யாராவது சீட்டுன்னு போன் பண்ணா பணம் குடுக்காதீங்க, உங்க டீடெயிலு வெளிய போயிடுச்சு, காலேஜுல சொல்லுங்க"ன்னு சொன்னேன். பதினொரு பேரு கேட்டுகினாங்க. பன்னெண்டாவது திருநின்றவூர்ல ஒரு பொண்ணோட அப்பா. "என் பொண்ணு நம்பரு உனக்கு எப்பிடிடி தெரியும்?"னு கேட்டாரு. பேரு இன்னா, எந்தக் கடைன்னு கேட்டாரு. நான் சொன்னேன். ஒளிக்க ஒண்ணுமில்லன்னு நெனச்சு கடைப் பேரு, தெரு, எல்லாம் சொன்னேன்.

பணம் வாங்கினவன் நம்பரு இப்ப சுவிட்ச் ஆப்பு. என் நம்பருதான் அவங்களுக்குக் கெடச்சுது.

இங்க என்கூட கீற அம்மா ஒருத்தி, "நீ இன்னா கேசு?"ன்னு கேட்டா. சொன்னேன். "நம்பர மாத்திப் போட்டதுக்கு உள்ள வச்சாங்களா?"ன்னு சிரிக்கிறா. நாலு வாட்டி சொல்லியும் நம்பல. வேற இன்னாமோ பண்ணிட்டு மறைக்கிறேன்னு நெனச்சுகினு கீறா.

வக்கீல போய்ப் பாரு எழிலு. உன்ன மாட்டி வுடணும்னு இல்ல. எதுக்கு எண்பத்தேழுன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பதில் வோணும். அது உன்னாண்டதான் கீது.

பானு

✦

அம்பத்தூர்
7.8.2025

அண்ணி,

போனேன். பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வக்கீல் ஆபீஸ் மாடிப்படி வரைக்கும் போனேன். மேலே ஏறவில்லை. நீங்கள் திட்டலாம்.

அதற்கு முதல் நாள் எங்கள் மேனேஜர் அபிஷேக் சார் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி அறையில் அவரும் நானும் மட்டும். காபி வரவழைத்தார். "அது உங்க அண்ணின்னு எங்களுக்குத் தெரியும். உள்ளேர்ந்து யாராவது சொல்லிக் குடுத்தாங்களான்னு போலீஸ் கேக்குது. நாங்க இல்லன்னு சொல்லிட்டு வரோம். தொடர்ந்து அப்படியே சொல்லணுமா வேண்டாமாங்கறதை நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்.

வீட்டில் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, சார் சொன்னதை மட்டும். அம்மா சாமி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தி உள்ள போய்ட்டா. நீயும் போனா அந்தக் கொயந்தைய யாருடி பாப்பா?" என்று கேட்டாள். அண்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். தை மாதம் எனக்குக் கல்யாணம் என்று ஐயப்பன்தாங்கல்காரர்களிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. அசோக் வீட்டில் இந்த விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். "அண்ணி சைடுல ஏதோ கேஸாமே" என்று அவர் போனில் கேட்டபோது "ஆமாம், ஏதோ" என்று சொன்னேன். அந்த "ஏதோ"வை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நான் தைரியமான ஆள் இல்லை அண்ணி. நீங்கள் இருந்தவரை எனக்குத் தைரியம் தேவைப்படவில்லை. காலேஜ் சேர்ந்த அன்று விடுதி வேண்டாம், வீட்டிலிருந்தே போகட்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டவர் நீங்கள்தான். என் வாயால் நான் இதுவரை எதையும் கேட்டு வாங்கியதில்லை.

இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். பெயில் எப்படியும் கிடைத்துவிடும் என்று அண்ணன் சொல்கிறான்.

எழில்

✦

குத்தம்பாக்கம்
1.9.2025

எழிலு,

ஆகஸ்டு இருவதாந்தேதி பெயில்ல வந்துட்டேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும். உங்க அண்ணன் வெளிய நின்னுகினு இருந்தாரு. வண்டி பைபாஸ்ல போச்சு. நம்ம ஊடு கீற ஆவடிப் பக்கம் திரும்பாம நேரா போனப்பவே புரிஞ்சிடுச்சு. "கொஞ்ச நாளு உங்கம்மா ஊட்ல இரு. அக்கம்பக்கம் அடங்கட்டும்"னாரு. கவிய நான் இன்னும் பாக்கல.

எங்கம்மா ஒண்ணும் கேக்கல. எங்கண்ணன் பொண்டாட்டிதான், ஆளு வந்தா உள்ள ரூமுக்குப் போயிடுன்னு சொல்லுது. தெனம் காலையில பத்தரைக்கு ஸ்டேசன்ல கையெழுத்துப் போடணும். ரெண்டு பஸ்ஸு மாறிப் போறேன். நம்ம கடை அந்த வழியிலதான் கீது. போர்டு கயட்டிட்டாங்க. ஓனரு வேற ஆளுக்குக் குடுத்துட்டாராம், உள்ள பெயிண்டு அடிச்சுகினு இருந்தாங்க.

இப்ப என் லெட்டர யாரும் பிரிக்க மாட்டாங்க. அதால எழுதறேன்.

ஜூன் எட்டாந்தேதி நீ போன் பண்ணே. "அண்ணி, எத்தினி பக்கம் இந்த மாதிரி தெறக்குதுன்னு பாத்து சொல்லுங்க, வரிசையா போட்டுப் பாருங்க, பேரும் நம்பரும் ஒரு நோட்டுல குறிச்சுக்கங்க, கணக்கோட காட்டினாத்தான் மேனேஜர் நம்புவாரு"ன்னு சொன்னே. "நீயே பாக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். "ஆபீஸ்லேர்ந்து பாத்தா என் பேரு பதிவாயிடும்"னு சொன்னே. அன்னிக்கு எனக்கு அது ஒறைக்கல. கடையில இருந்து பாத்தா என் பேரு பதிவாவும்னு உனக்குத் தெரியாதா? இத்த மட்டும் சொல்லு. தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?

நாப்பத்தொம்பது நாளு இத்தத்தான் நெனச்சுகினு இருந்தேன். வக்கீலாண்டகூட நீ பாக்கச் சொன்னேன்னு இன்னும் சொல்லல. நீயா வந்து சொல்லுவேன்னு வெயிட் பண்ணேன்.

பானு

✦

அம்பத்தூர்
11.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

தெரிந்துதான் சொன்னேன்.

"உங்களுக்கு ஆபத்து வரட்டும்" என்று நினைக்கவில்லை. ஆனால் யார் பெயராவது பதிவாகும் என்று தெரியும். அது என் பெயராக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அப்போது அவ்வளவுதான் நினைத்தேன்.

அந்தப் பக்கத்தை எழுதியது நான். வேறு யாரும் இல்லை. இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை, கம்பெனி செய்தது என்றே சொல்லி வந்தேன். விண்ணப்பத்தை நிரப்புகிற பக்கம் ஒன்று. பிரிண்ட் எடுக்கிற பக்கம் இன்னொன்று. முதல் பக்கத்திலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது, இது யாருடைய விண்ணப்பம் என்று இரண்டாவது பக்கத்துக்குத் தெரிய வேண்டும். அதற்கு முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு எண்ணை ஒட்டி அனுப்புவோம். பாராமீட்டர் என்று பெயர். எல்லாரும் செய்வதுதான், அதில் தப்பில்லை. ஆனால் வந்த எண்ணை வாங்கிக்கொண்டதும், "இதைக் கேட்கிற ஆள் இந்த விண்ணப்பத்துக்குச் சொந்தக்காரிதானா?" என்று இரண்டாவது பக்கம் சரிபார்க்க வேண்டும். நான்கு வரி. அன்று வெள்ளிக்கிழமை, காலேஜ்காரர்கள் திங்கட்கிழமை சைட் வேண்டும் என்றார்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறந்தே போனேன். நீங்கள் எண்ணை மாற்றியது பூட்டை உடைத்தது ஆகாது. நான் பூட்டே போடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சர்வரில் யார் எந்தப் பக்கத்தை எப்போது திறந்தார்கள் என்று பதிவு இருக்கும். நீங்கள் கைதான அன்று அதை நான் பார்த்தேன். உங்கள் கடையிலிருந்து எண்பத்தேழு. ஆனால் ஜூன் பதினாறாம் தேதி வேறு ஓர் இடத்திலிருந்து ஒன்று முதல் ஐயாயிரத்துச் சொச்சம் வரைக்கும், வரிசையாக, இருபது நிமிடத்துக்குள் யாரோ எடுத்திருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்து செய்தது இல்லை, மெஷின் வைத்துச் செய்தது. பணம் வாங்கியவன் அவனாகத்தான் இருக்க வேண்டும். போலீஸுக்குக் கொடுத்த பிரிண்ட்டில் உங்கள் வரிகள் மட்டும் இருந்தன. மற்றதை யார் எடுத்துவிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் இதைச் சுமந்துகொண்டு சாப்பிட்டேன், தூங்கினேன், பட்டுப்புடவை பார்க்கக்கூடப் போனேன்.

இப்போது முடிவு பண்ணிவிட்டேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டேன். நேராக இஸ்மாயில் சாரிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பழைய பக்கத்தின் காப்பி என் லேப்டாப்பில் இருக்கிறது. என்னையும் கேஸில் சேர்த்தால் சேர்க்கட்டும். அம்மாவிடம் சொல்லவில்லை.

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் அண்ணி. அண்ணன் ஏதோ ராஜி பேசிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கள்.

எழில்

✦

குத்தம்பாக்கம்
16.9.2025

எழிலு,

உன் லெட்டரு நேத்து திங்கக்கிழமை மத்தியானம் வந்துச்சு. நான் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்.

உங்க அண்ணன் வந்தாரு. கம்பெனி ஆளு ஒருத்தரும் காலேஜு ஆளு ஒருத்தரும் கூட வந்தாங்க. காரு தெரு முனையில நின்னுச்சு. டைப் அடிச்ச பேப்பரு கொண்டாந்தாங்க. "என் சுய லாபத்துக்காக அத்துமீறி நுழைந்து மாணவிகளின் விவரங்களை எடுத்தேன், மன்னிப்புக் கோருகிறேன்"னு இருந்துச்சு. இதுல கையெழுத்துப் போட்டா அவங்க கேஸ மேல கொண்டு போக மாட்டாங்களாம், கோர்ட்ல முடிச்சுக்கலாமாம். வக்கீலுக்குப் போன் பண்ணேன். "போடாதீங்கம்மா, போட்டா அப்புறம் எதுவும் பேச முடியாது"ன்னாரு. "எத்தினி மாசம் ஆவும் சார்?"னு கேட்டேன். "வருசக் கணக்குல ஆகலாம்"னாரு.

"சுய லாபம்னு கீதே, அத்த மட்டும் அடிச்சுடுங்க"ன்னு கேட்டேன். அந்தக் கம்பெனி ஆளு, "டிராப்ட்ட மாத்தினா மறுபடி மேல கேக்கணும்"னாரு. உங்க அண்ணன் என்னத் தனியா இட்டுகினு போய், "பானு, போட்டுடு. சாயந்தரமே ஊட்டுக்குப் போலாம். கவி உன்ன கேட்டுகினே கீறா"ன்னாரு.

போட்டேன். எழிலு, ஏழு வயசுப் பொண்ணு. எழுவது நாளாச்சு பாத்து. நீ எழுதின ஐயாயிரமும் இருவது நிமிசமும் அன்னிக்கு என் கையில இருந்திருந்தாகூட நான் போட்டிருப்பேனோ இன்னாவோ. தெரியல.

சாயந்தரம் யாரும் வரல. ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் வந்தாரு. ரெண்டு பையில என் துணிங்க. மேல என் ஆதார் கார்டு. "அம்மா ஒத்துக்க மாட்டேங்குது. நீயே பண்ணேன்னு எழுதிக் குடுத்தப்பால நான் இன்னா பேசறது?"ன்னாரு. "பண்ணேன்னு போடச் சொன்னது நீதானே?"ன்னு கேட்டேன். அவரு பையக் கீழ வச்சுட்டு நின்னாரு. நல்ல மனுசன்தான். சண்டை போடத் தெரியாத மனுசன்.

நீ நேத்து போனியா? போயிருந்தா வக்கீலே உனக்குச் சொல்லியிருப்பாரு.

பானு

✦

அம்பத்தூர்
6.10.2025

அண்ணி,

போனேன். அந்தத் திங்கட்கிழமை மாடி ஏறினேன். இஸ்மாயில் சார் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "மூணு நாளைக்கு முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றார். அப்புறம் உங்கள் கையெழுத்துப் போட்ட பேப்பரின் காப்பியைக் காட்டினார். "அவங்களே இப்படி எழுதிக் குடுத்த பிறகு, நீங்க வந்து சொன்னா சொந்தக்காரியைக் காப்பாத்த வந்தேன்னுதான் சொல்வாங்க. கம்பெனி புரோகிராம் காப்பியை எடுத்துட்டு வந்ததுக்கு உங்க மேலயும் ஒரு கேஸ் போடுவாங்க. ரெண்டு பேரும் மாட்டுவீங்க, ஒருத்தரும் வெளிய வர மாட்டீங்க" என்றார்.

"சர்வரில் பதிவு இருக்கிறது சார்" என்றேன். மறுநாள் ஆபீஸில் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பதிவுகளை அழித்துவிடும்படி வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதமே இல்லை.

வீட்டில் சொல்லிவிட்டேன். இந்த முறை எல்லாவற்றையும். அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். நான்தான் எண்ணச் சொன்னேன், நான்தான் அந்தப் பக்கத்தை எழுதினேன் என்றேன். அண்ணன் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். அம்மா எழுந்து போய் குக்கரை அணைத்தாள். திரும்பி வந்து, "இத்த இனிமே யாராண்டயும் சொல்லாதே" என்றாள். அவ்வளவுதான். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வாசலுக்கு வந்தான். "இப்ப சொல்லி இன்னா ஆவப் போது எழிலு? அன்னிக்கே சொல்லியிருந்தா அவளுக்கு ஆயிருக்கும். இப்ப சொன்னா உனக்குத்தான் ஆவும்" என்றான். அவனுக்கு இப்போது உண்மை தெரியும். ஆனாலும் உங்களைக் கூட்டிவரப் போவதாக அவன் சொல்லவில்லை. "அம்மா இருக்கிறவரைக்கும் கஷ்டம்" என்றான்.

வேலையை விடுவதாக ஒரு மெயில் எழுதி வைத்தேன். மூன்று வாரமாக அனுப்பாமல் கிடக்கிறது. போன வாரம் இன்னொரு காலேஜுக்கு சைட் கேட்டிருக்கிறார்கள் என்று என்னிடமே கொடுத்தார்கள். இந்த முறை சரிபார்க்கிற வரிகளைத்தான் முதலில் எழுதினேன். எழுதிவிட்டு பாத்ரூமில் போய் நின்றேன்.

கவியை உங்களிடம் மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்டி வரச் சொல்லி அண்ணனிடம் பேசியிருக்கிறேன். அதற்கு மட்டும் சரி என்றான்.

என்னை மன்னியுங்கள் என்று எழுத வரவில்லை. நீங்கள் மன்னித்தாலும் எனக்கு என்ன செய்வது என்று தெரியாது.

எழில்

✦

குத்தம்பாக்கம்
24.11.2025

எழிலு,

உன் லெட்டருக்குப் பதில் போட ஒன்னரை மாசம் ஆயிடுச்சு. எழுதக் கூடாதுன்னு இல்ல. இங்க ஒரு பேக்கிங் கம்பெனியில நிக்கிற வேலை. ஊட்டுக்கு வந்தா கால நீட்டிப் படுக்கத்தான் தோணுது. ஜெராக்ஸ் கடை எதுலயாவது கேக்கலாம்னு திருமழிசையில ரெண்டு எடத்துல போய்ப் பாத்தேன். பேர சொன்னதும் ஒருத்தன் போன்ல தேடிப் பாத்தான். நியூஸுல என் போட்டோ இன்னும் கீது.

நேத்து உங்க அண்ணன் கவிய இட்டுகினு வந்தாரு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்க ஒரு பேக்கரி கீது, அங்க ரெண்டு மணி நேரம். அவரு வெளிய வண்டியாண்டயே நின்னுகினாரு. கொயந்த ஒசந்துட்டா. முன்பல்லு ரெண்டும் வியுந்துடுச்சு. மொதல்ல என் மடியில ஒக்கார கூச்சப்பட்டா. அப்பால ஒக்காந்தா.

பப்ஸு வாங்கிக் குடுத்தேன். துன்னாம கையில வச்சுகினு கேட்டா: "அம்மா, நீ ஏன் அந்த அக்காங்க போட்டோவ எல்லாம் பாத்தே?"

யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். "பாட்டி"ன்னா. ஸ்கூல்லயும் ஒரு பையன் சொன்னானாம்.

எழிலு, உன் பேரு வாய் வரைக்கும் வந்துச்சு. உங்க அத்தைதான் பாக்கச் சொன்னான்னு சொல்லியிருந்தா, எங்கம்மா கெட்டவ இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அது எனக்கு வோணும். ஆனா இவ திரும்பிப் போப்போறது அந்த ஊட்டுக்கு. அவளுக்குக் காலையில தல வாரி வுடறது நீ. ஜொரம் வந்தா பக்கத்துல படுக்கிறது நீ. தை வரைக்குமாவது நீ அங்க கீறே. உன்னையும் அவகிட்ட இருந்து புடுங்கிட்டா அவளுக்கு யாரு கீறா?

"அம்மா தப்பு பண்ணிட்டேன்டா"ன்னு சொன்னேன்.

பெரிய மனுசி மாதிரி என் கன்னத்தத் தொட்டு, "இனிமே பண்ணாதம்மா"ன்னு சொல்லிட்டு பப்ஸ துன்ன ஆரம்பிச்சா.

நீ அவளாண்ட ஒண்ணியும் மாத்திச் சொல்லாதே. பெரியவளானா சொல்லலாம்னு நெனச்சுகினு இருக்காதே. எனக்கு லெட்டரும் போட வேணாம். கோவத்துல சொல்லல. போஸ்ட்மேன் வந்தா எங்கண்ணன் பொண்டாட்டி வந்து எட்டிப் பாக்குது.

பானு